சட்டைப்பைக் கேமரா

இனிமேல் மனுஷ முகம் எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று ரத்தினவேல் தீர்மானம் செய்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. பார்க்காவிட்டால் சம்பளம் கிடைக்காது என்பதால், தீர்மானம் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் என்று கொஞ்சம் சுருக்கிக்கொண்டார்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆண்டிச்சாமி மோட்டார் சர்வீஸின் டைம் கீப்பர் அவர். பதினெட்டு வருஷமாக ஒரு கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் வரும். "திருச்சி வண்டி எப்பங்க?" என்று கேட்கும். அது நகர்ந்தால் இன்னொரு முகம். பல் விழுந்த முகம், வெற்றிலை குதப்பும் முகம், பாதி சவரத்தில் ஓடிவந்த முகம். கேள்வி மட்டும் ஒன்றேதான். இவர் விசில் ஊதுவார். திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் அறந்தாங்கிக்கும் வண்டிகள் கிளம்பும். சாயங்காலம் அந்தந்த ஊர்த் தூசியை மேலே பூசிக்கொண்டு திரும்பி வந்து, இவர் முன்னால் நின்று பெருமூச்சு விடும். இவர் மட்டும் எந்த ஊருக்கும் போனதில்லை. திருச்சிக்கு ஒரே ஒரு தடவை போனார், கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ள. அந்த ஊரில் அவர் பார்த்த ஒரே காட்சி பல் டாக்டரின் மூக்குத் துவாரம்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் காலண்டரை யாரோ ஜன்னலுக்கு எதிரே மாட்டிவிட்டுப் போனார்கள். கொடைக்கானல் ஏரி. மூடுபனி. கரையில் நாலு மரம். படத்தில் ஒரு ஆள் கிடையாது. யாரும் அந்த ஏரியிடம் வந்து "எப்பங்க கிளம்பும்?" என்று கேட்கவில்லை. ரத்தினவேல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் காரைக்குடி வண்டிக்கு விசில் ஊத மறந்து, அது ஏழு நிமிஷம் உறுமிக்கொண்டு நின்றது. பங்குனியில் சீட்டு விழுந்ததும் முடிவு செய்துவிட்டார். ஒரு கேமரா வாங்குவது. கொடைக்கானலுக்குப் போவது. மலை, மேகம், மரம் மட்டும் எடுப்பது. போகிற வழியில் மாடு குறுக்கே வந்தால் பரவாயில்லை, மனுஷன் வரக் கூடாது.

கேமரா வாங்குவது பெரிய காரியமில்லை. அதை வீட்டுக்குள் வைத்திருப்பதுதான் காரியம்.

ஏனென்றால் ரத்தினவேல் வீட்டுக்குள் நுழைகிற எந்த நல்ல சாமானும் ஒரு வாரம் இளைப்பாறிவிட்டு, ஆலங்குடி வழியாகப் போகும் கீரமங்கலம் வண்டியில் ஏறிவிடும். கீரமங்கலம் அவர் மனைவி சொர்ணவல்லியின் பிறந்த ஊர். அங்கே அவளுடைய அண்ணன் நாகராசு தென்னந்தோப்பும் பெரிய குடும்பமுமாக இருந்தார். டார்ச் லைட் வாங்கினார் ரத்தினவேல். தோப்பில் பாம்பு நடமாட்டம் என்று போனது. பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்கினார். யார் வீட்டுச் சடங்குக்கோ போனது. மடக்கு நாற்காலி நாலு வாங்கினார், மடக்கியபடியே போயின. எதுவும் திரும்பவில்லை. இத்தனைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வண்டிக்கு விசில் ஊதி அனுப்பியவர் ரத்தினவேல்தான்.

இப்போதோ வைகாசியில் நாகராசு மகள் அழகிக்குக் காதுகுத்து. கேமரா என்ற சொல் சொர்ணவல்லியின் காதில் விழுந்தால் போதும். கீரமங்கலமே தலைசீவிப் பூவைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துவிடும்.

ஆகவே வாங்கப்போகும் கேமராவுக்கு இருக்க வேண்டிய முதல் லட்சணம், அது இருப்பதே தெரியக் கூடாது.

கீழராஜ வீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த இன்னாசி ஆவூர்க்காரன். மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போகிறவர்களைப் பாஸ்போர்ட் அளவில் எடுத்தே கண் பூத்துப்போனவன். மலையை எடுக்கக் கேமரா வேண்டும் என்று ஒருவர் வந்ததும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருந்த மூன்றையும் மேஜைமேல் பரப்பினான்.

"இது டப்பா கேமராண்ணே. எதையும் திருக வேண்டாம். அமுக்கினாப் போதும். கிட்ட இருக்கறதும் எட்ட இருக்கறதும் ஒரே மாதிரி விழும்."

"மலை எப்படி விழும்?"

"வரட்டி மாதிரி விழும்."

"அடுத்தது?"

"இது துருத்தி. முன்னால இழுத்தா விரியும். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம். மலையில மேயற ஆட்டை எண்ணிப்புடலாம். ஒங்களுக்குன்னே செஞ்ச மாதிரி."

ரத்தினவேல் துருத்தியைக் கையில் வாங்கினார். கண்ணருகே கொண்டுபோகவில்லை. மடக்கிச் சட்டைப் பைக்குள் திணித்தார். சட்டை எட்டு மாசப் பிள்ளைத்தாச்சி மாதிரி முன்னால் வந்தது.

"ஏண்ணே, கேமராவைக் கண்ணுல வச்சுத்தான் பாப்பாங்க. நீங்க என்ன பையில வச்சுப் பாக்குறீங்க?"

"பயணத்துக்குத் தோதா இருக்கணும்ல தம்பி. மலையேறுறப்ப கனக்கக் கூடாது."

"இது அரை வீசைகூடத் தேறாதேண்ணே."

"கனத்துக்குச் சொல்லலப்பா. வெளியில தெரியக் கூடாது."

"யாருக்கு?"

"மலைக்கு" என்றார் ரத்தினவேல்.

இன்னாசி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மூன்றாவதை நகர்த்தினான். சோப்புப் பெட்டி அளவு. கறுப்புத் தோல் உறை, உள்ளே சிவப்பு வெல்வெட்டு. கண்ணாடி நல்ல கண்ணாடி, ஆனால் படம் சின்னது. ஒரு சுருளுக்குப் பதினாறு. "மேகத்தை எடுத்தீங்கன்னா பஞ்சுமிட்டாயான்னு கேப்பாங்க. நான் பெருசாக்கித் தாரேன். ஆனாலும் மலைக்குத் துருத்திதாண்ணே" என்று மன்றாடினான்.

ரத்தினவேல் உடனே வாங்கிவிடவில்லை. பதினோரு நாள் சாப்பாட்டு வேளையில் வந்து பரீட்சை வைத்தார். சின்னதைப் பைக்குள் போட்டுக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார். கிணற்றில் இறைப்பது மாதிரி இரண்டு கையையும் மேலும் கீழும் ஆட்டினார். தரையில் சம்மணம் போட்டு, சோறு பரிமாறுகிறவள் நிற்கும் தூரத்தில் இன்னாசியை நிறுத்தினார்.

"ஏதாச்சும் தெரியுதா?"

"ஒங்க பயம் தெரியுதுண்ணே."

பன்னிரண்டாம் நாள் வாங்கினார். உறையின் வாரில் இரண்டாவது ஓட்டை கிழிந்திருந்தது. அதை வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நீல நூலால் தைத்துக்கொண்டார். இன்னாசி வித்தையைச் சொல்லிக்கொடுத்தான். முதுகுப் பக்கத்தில் சிவப்புக் கண்ணாடி, அதில் நம்பர் தெரியும். எடுக்கப்போகும்போது மட்டும் சாவியைத் திருக வேண்டும். அடுத்த நம்பர் வந்ததும் நிறுத்தி, அமுக்க வேண்டும். கடைசியாக எடுத்த படம் எத்தனையாவதோ அந்த நம்பர் கண்ணாடியில் நிற்கும்.

நார்த்தாமலையில் தேர்த்திருவிழாவுக்கு வந்த முகங்கள் எல்லாம் ஊர் திரும்பும்வரை காத்திருந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை "டூட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். மொட்டைப் பாறை வெயிலில் யானை முதுகு மாதிரி கிடந்தது. ஒரு குரல் இல்லை. பாறைக்கு ஒரு படம், பாறைக்குமேல் நின்ற ஒற்றை மேகத்துக்கு ஒரு படம் எடுத்தார். இரண்டோடு நிறுத்திவிட்டார். மீதி பதினாலும் கொடைக்கானலுக்கு. திரும்பும் வழியெல்லாம் வண்டியில் யாரோடும் பேசவில்லை. பேசினால் அந்த மேகம் கலைந்துவிடும்போல இருந்தது.

மறுநாளே வைகாசியில் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்து வாங்கினார். இரண்டாம் நாள்தான் காதுகுத்து. "முகூர்த்தக் கூட்டம், சொர்ணம். லீவு தரமாட்டேன்னுட்டாங்க. நீ மட்டும் போயிட்டு வா" என்று வீட்டில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அவ்வளவு நன்றாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. சித்திரையில் ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்வரை. சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்தபோது சொர்ணவல்லி சட்டையைத் தோளிலும் கேமராவை உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இது என்னங்க?"

எண்ணெயும் சீயக்காயும் கண்ணில் எரிய, ரத்தினவேல் வாயில் பதினெட்டு வருஷப் பழக்கம் தானாக வந்து விழுந்தது.

"பஸ்ஸுல கெடந்துச்சு."

அந்தப் பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலாளி ஆண்டிச்சாமிக்கு, தன் வண்டியில் தொலைந்த சாமான் உடையவர் கைக்குப் போய்ச் சேர்ந்தே தீர வேண்டும். கிடந்த சாமானை டைம் கீப்பர் ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். துணிப்பையில் போட்டு அரக்கு முத்திரை வைக்க வேண்டும். ஜன்னலுக்கு மேலே பலகையில் சாமான் பெயரைச் சாக்கட்டியால் எழுத வேண்டும். யார் வந்து சரியான அடையாளம் சொல்கிறார்களோ, அவர்களுக்குக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். முப்பது நாள் யாரும் வரவில்லை என்றால் அது டைம் கீப்பருக்கு. அப்படிக் குடை வந்திருக்கிறது, பல் செட்டு வந்திருக்கிறது, ஒரு தடவை உயிருள்ள கோழியே வந்தது. கோழிக்கு அரக்கு வைக்க முடியாததால் ரத்தினவேல் வீட்டில் கட்டிப்போட்டார். இருபத்தெட்டாம் நாள் உடையவர் வந்தபோது, முட்டைகளையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று முதலாளி தீர்ப்புச் சொன்னார். அந்த முட்டைகளை அடைகாத்த மாதிரி பார்த்துக்கொண்டவள் சொர்ணவல்லி. அதனால் கம்பெனிச் சட்டம் அவளுக்கு மனப்பாடம்.

"அடப் பாவமே! யாரு பெத்த புள்ளை தொலைச்சுச்சோ" என்றாள். "ரிஜிஸ்தர்ல ஏத்திட்டீங்களா?"

"ஏத்தணும். திங்கக்கெழமை ஏத்தணும்."

"ஆமாங்க. அடுத்தவங்க பொருளு. நமக்கு எதுக்கு?"

அவ்வளவுதான். ரத்தினவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தப்பித்தோம் என்று நினைத்தார்.

திங்கட்கிழமை காலை முதலாளியே ஜன்னலுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னய்யா, கேமரா ஒண்ணு கெடச்சுதாமே? கோயில்ல ஒம்ம சம்சாரம் எங்க வீட்ல சொல்லிச்சாம். ரிஜிஸ்தர்ல காணமே?"

ரத்தினவேல் எழுதினார். முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, கேமராவைத் துணிப்பைக்குள் இறக்கினார். சொந்தப் பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிற மாதிரி இருந்தது. அரக்கு உருகி விழுந்தது. பலகையில் "கேமரா ஒன்று" என்று எழுதினார்.

ஆனால் மத்தியானத்துக்குள் அவர் முகம் தெளிந்துவிட்டது. யோசிக்க யோசிக்கச் சிரிப்பே வந்தது. தொலைக்காத கேமராவைக் கேட்டு யார் வரப்போகிறார்கள்? முப்பது நாள் கழித்து முதலாளி கையாலேயே அவருக்கு வந்து சேரும். அதுவரை அது கம்பெனிப் பூட்டுக்குள் பத்திரம். சொர்ணவல்லி கைக்கும் எட்டாது, கீரமங்கலம் வண்டிக்கும் எட்டாது. முப்பதாம் நாள் சாயங்காலம் கைக்கு வரும். முப்பத்தோராம் நாள் காலை லீவு ஆரம்பம், கொடைக்கானல் பயணம். ஆறு மணி மதுரை வண்டி. பொய் ஒன்றை அரசாங்கப் பத்திரம் மாதிரி பதிவே செய்துவிட்டோமே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். காலண்டரைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

இருபத்தொன்பதாம் நாள் பத்து மணிக்கு ஜன்னலில் ஒரு முகம் வந்தது. நாகராசு.

"வாங்க மச்சான். கீரமங்கலம் வண்டி பத்து நாப்பதுக்கு."

"வண்டி கேக்க வரல மாப்ள. சாமான் கேக்க வந்தேன். போன மாசம் ஒங்க வண்டியில ஒரு கேமராவைத் தவற விட்டுட்டேன்."

ரத்தினவேல் கையிலிருந்த விசில் மேஜையில் விழுந்து உருண்டது.

"நீங்க எப்ப கேமரா வாங்கினீங்க?"

"தொலைக்கிறதுக்கு முன்னால."

"மச்சான், வெளையாடாதீங்க!"

உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த முதலாளி காதில் "கேமரா" விழுந்துவிட்டது. டம்ளரோடு வந்தார். "யாருய்யா இவரு?"

"என் வீட்டுக்காரி கூடப்பொறந்தவருங்க முதலாளி. அதனாலதான் சொல்றேன், இது சரிப்படாதுங்க…"

"ஏன்யா, சொந்தக்காரன்னா சாமான் தொலையக் கூடாதா? ரிஜிஸ்தரை எடும். முறைப்படி அடையாளம் கேளும்."

ரத்தினவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேட்டுவிட வேண்டியதுதான். தென்னைமரம் ஏறுகிறவருக்குக் கேமராவைப் பற்றி என்ன தெரியும்?

"உறை என்ன நெறம்?"

"கறுப்பு."

"எல்லாக் கேமராவுக்கும் கறுப்புதான். உள்ள?"

"செவப்பு வெல்வெட்டு."

ரத்தினவேல் ரிஜிஸ்தரில் ஒரு பக்கம் புரட்டினார். "வேற அடையாளம்?"

"இடது மூலையில கடுகளவு தோல் உரிஞ்சிருக்கும்."

"வேற?"

"வாருல ரெண்டாவது ஓட்டை கிழிஞ்சு, தைச்சிருக்கும். நீல நூலு. தையல் கோணலா இருக்கும். யாரோ பழக்கமில்லாதவன் தைச்சது மாப்ள."

முதலாளி தலையை ஆட்டினார். ரத்தினவேல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கடைசி அஸ்திரத்தை எடுத்தார். இது வீட்டில் ஊசி நூல் தேடுகிற ஆட்களுக்குத் தெரிய முடியாத விஷயம்.

"இதுவரைக்கும் எத்தனை படம் எடுத்திருக்கு?"

நாகராசு வானத்தைப் பார்த்தார். விரலை மடக்கினார். "அஞ்சு."

"பொய்!" ரத்தினவேல் எழுந்தே நின்றுவிட்டார். "பச்சைப் பொய் முதலாளி! ரெண்டு! ரெண்டே ரெண்டு!"

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். அரக்கை உடைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கேமராவின் முதுகை வெளிச்சத்தில் திருப்பினார்.

"அஞ்சு" என்றார் முதலாளி.

பிறகு கண்ணாடிக்கு மேலாக ரத்தினவேலைப் பார்த்தார்.

"அது சரி. ரெண்டுன்னு ஒமக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

ரத்தினவேல் வாயைத் திறந்தார். என்னுடையது என்று சொல்லலாம். தன் சாமானைத் தானே தொலைந்ததாக எழுதி, தானே கண்டெடுத்து, தனக்கே வாங்கிக்கொள்ளப் பார்த்தவன் என்று பெயர் வரும். எழுதுவதற்கு முன்னால் நோண்டிப் பார்த்தேன் என்று சொல்லலாம். பயணி பொருளில் கைவைத்தவன் என்று வேலை போகும். வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"ஒரு… ஊகமுங்க."

"ஊகத்துல வண்டி விட்டா என்னய்யா ஆகும்? கையெழுத்து வாங்கிட்டுக் குடும்."

நாகராசு அழகாகக் கையெழுத்துப் போட்டார். முதலாளிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "கட்டின மனைவியோட அண்ணன்னு பாக்காம குறுக்குக் கேள்வி கேட்டீரே, அது போதும்யா" என்று ரத்தினவேல் முதுகில் தட்டினார். அந்தத் தட்டில் ரத்தினவேல் கொடைக்கானலிலிருந்து உருண்டு விழுந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சொர்ணவல்லி முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். காதுகுத்துக்குக் கொண்டுபோக.

"அது என் கேமரா" என்றார் வாசலில் நின்றபடியே.

"எது?"

"ஒங்க அண்ணன் வாங்கிட்டுப் போனது."

"பஸ்ஸுல கெடந்துச்சுன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

"எங்கிட்டயா?" சொர்ணவல்லி மாவுக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இருபத்திரண்டு வருஷமா சொல்லாத பொய்யை! அன்னைக்குச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யாங்க?"

"அன்னைக்குச் சொன்னது."

"அப்ப ரிஜிஸ்தர்ல எழுதினீங்களே, அது?"

"அதுவுந்தான்."

"முதலாளி பாக்க அரக்கு வச்சீங்களே?"

ரத்தினவேல் செருப்பைக் கழற்றினார்.

"சரி, துண்டைப் போட்டுக்கிட்டு வாங்க. முதலாளி வீட்டுக்குப் போயி உள்ளதச் சொல்லிருவோம். ஒங்க பொருளு ஒங்களுக்கு வரணும்ல. நானும் கூட வாரேன். வேலைய விட்டுட்டுத் திரும்பி வர்றப்ப ஒங்களுக்கு ஒரு துணை வேணாமா?"

ரத்தினவேல் துண்டைப் போட்டுக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"எதுங்க?"

"சொர்ணம்!"

அவள் சல்லடையைத் தட்டினாள். "பங்குனிக் கடைசியில நீங்க ஒரு பக்கமாச் சாஞ்சே சாப்பிட்டீங்க. ரசத்தை எலைக்கு வெளியில வாங்கினீங்க. மார்வலியோ என்னமோன்னு எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் நீங்க சட்டையோட கண்ணசந்தப்ப மெல்லத் தொட்டுப் பாத்தேன். வலி சதுரமா இருந்துச்சு."

"அந்த மூணு படம்?"

"இன்னாசித் தம்பி சொல்லிக் குடுத்துச்சு. நல்ல தங்கமான புள்ளை. மொதல்ல அசையாத பொருளா எடுத்துப் பழகுங்கக்கான்னுச்சு. நானும் வீடு பூராத் தேடினேன். அசையாம கெடந்தது நீங்க ஒருத்தர்தான்."

ரத்தினவேல் சுவரில் சாய்ந்துகொண்டார். கேமரா போனால் போகட்டும். லீவு இருக்கிறது. கால் இருக்கிறது, கண் இருக்கிறது. வெறும் கண்ணாலாவது அந்த ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம். நாளை மறுநாள் ஆறு மணி மதுரை வண்டி.

"அப்பறம்ங்க" என்றாள் சொர்ணவல்லி, மாவைப் பார்த்துக்கொண்டே. "மூணு நாள் லீவு எழுதிக் குடுத்திருக்கீங்களாமே. முதலாளி அம்மா சொன்னாங்க. எங்கிட்ட லீவே தரலன்னீங்க?"

ரத்தினவேல் முறுக்குத் தகரத்தின் மூடியைத் திறந்து மூடினார்.

"நான் சொன்னேன், 'அவுக எங்கிட்டச் சொல்லாம திடுதிப்புனு காதுகுத்துல வந்து நிக்கணும்னு இருக்காக, நீங்க ஒண்ணும் காட்டிக்காதீங்கம்மா'ன்னு. சரிதானங்க? இல்ல, வேற எங்கிட்டாச்சும் போறதா இருந்தீங்களா?"

தலை நிமிர்ந்து கேட்டாள். கண்ணில் ஒரு கள்ளமும் இல்லை. பச்சைக் குழந்தையின் கண்.

"காதுகுத்துக்குத்தான்" என்றார் ரத்தினவேல்.

"எனக்குத் தெரியாதா? அண்ணன்கிட்டயும் சொல்லி விட்டுட்டேன்."

மதுரை வண்டிக்கு வேறு ஒரு டைம் கீப்பர் விசில் ஊதினார். அதே ஊதலில் கிளம்பியது மாதிரி, பக்கத்தில் நின்ற கீரமங்கலம் வண்டியும் நகர்ந்தது. ரத்தினவேல் முறுக்குத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பயணம் என்று பார்த்தால் இதுவும் பயணம்தான் என்று நினைத்துப் பார்த்தார். நினைப்பு ஆலங்குடிவரைகூடத் தாங்கவில்லை.

மறுநாள் நாகராசு தோப்பில் பந்தல். ரத்தினவேல் வாங்கிய டார்ச் லைட் ஆணியில் தொங்கியது. அவர் வாங்கிய மடக்கு நாற்காலியில் ஆசாரி உட்கார்ந்து ஊசியைத் துடைத்தார். தாய்மாமன் மடியில் அழகி இப்போதே அழ ஆரம்பித்திருந்தாள். நாகராசு கழுத்தில் தாயத்து மாதிரி கேமராவை மாட்டிக்கொண்டு வந்தார். வந்தவர், அதைக் கழற்றி ரத்தினவேல் கழுத்தில் போட்டார்.

"எனக்கு இதுல அமுக்குறது எது, திருகுறது எதுன்னு ஒண்ணும் புரியல மாப்ள. தங்கச்சிய எடுக்கச் சொன்னா, நானும் படத்துல நிக்கணும்னு சொல்லுது. விவரம் தெரிஞ்ச ஆளு நீங்கதான். பதினொண்ணு பாக்கி இருக்காம்."

எடுத்தார். அழுகிற அழகியை ஒன்று. காது குத்தின பிறகு அதைவிடப் பெரிதாக அழுகிற அழகியை ஒன்று. தாய்மாமன் வகையறாவை ஒன்று. இடம் போதாமல், மிச்சம் இருந்த வகையறாவை இன்னொன்று. ஒவ்வொரு முகமும் அவரைப் பார்த்துக் கேட்டது, "இப்ப எடுத்தாச்சாங்க? எப்ப எடுப்பீங்க?" பத்துப் படம் ஆனது. கண்ணாடியில் பதினைந்து என்று நின்றது. கடைசிப் படத்துக்குப் பந்தலுக்கு வெளியே தலைப்பாகையும் பட்டுப்புடவையுமாக நாற்பது பேர் கூடி, யார் முன்னால் உட்காருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் சொர்ணவல்லி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, புதுப்பெண் மாதிரி நின்றாள்.

அப்போதுதான் ரத்தினவேல் பார்த்தார். தோப்புக்குப் பின்னால், தென்னை உச்சிகளுக்குமேல், வைகாசி மேகம் ஒன்று கருநீலமாகத் திரண்டு வந்துகொண்டிருந்தது. ஓரத்தில் மட்டும் வெயில். கீழே ஒரு ஆள் இல்லை. அது கொடைக்கானல் இல்லை. ஆனால் அப்படி ஒன்றும் மோசமும் இல்லை. சண்டை முடிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். கழுத்தில் தொங்குவது அவருடைய கேமரா. ஒரே ஒரு படம். யாருக்குத் தெரியப்போகிறது? சாவியைத் திருகிப் பதினாறில் நிறுத்தினார். மெல்ல இரண்டடி பின்வாங்கி, கேமராவைக் கண்ணில் வைத்து, கூட்டத்திலிருந்து மேகத்தின் பக்கமாக நகர்த்தினார். மூச்சைப் பிடித்தார்.

"ஏங்க!" என்றாள் சொர்ணவல்லி, நாற்பது பேருக்கும் கேட்கும்படி. "அங்கிட்டு எங்க திரும்புறீங்க? இங்கிட்டுப் பாத்து எடுங்க. எடுத்துட்டு அண்ணன்கிட்ட பத்திரமாக் குடுத்துருங்க, அடுத்தவங்க சாமான்."